கன்னிமூலைச் சன்னல்

போத்தனூரில் வீடு கட்டியபோது வரைபடம் போட்டது நானேதான். கம்பெனிக் கட்டடங்களில் வெயில் எங்கே விழும், காற்று எந்தப் பக்கம் நுழையும், ஏசி எவ்வளவு நேரம் ஓடும், அதற்காக எங்கோ எவ்வளவு நிலக்கரி எரியும் என்றெல்லாம் கணக்குப் போட்டு வரைவது என் பிழைப்பு. சொந்த வீடு என்று வந்ததும் அந்தப் புத்தி எங்கே போனதோ. தென்மேற்கு மூலையில் படுக்கையறை வைத்து, மேற்குச் சுவரில் ஓர் ஓட்டைகூட விடாமல் மூடினேன். அது கன்னிமூலை, திறந்திருக்கக் கூடாது என்பார்கள் வாஸ்து பார்ப்பவர்கள். எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் எதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அந்தப் பக்கமிருந்துதான் எங்கள் ஊருக்குள் வருகிறது. அதை வெளியே நிறுத்திக் கதவடைத்த மேதை நான். பதிலுக்கு ஒரு ஏசி மாட்டினேன்.

மனைவிக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்த பிறகு, அந்த அறையே அவளுக்கு உலகமாயிற்று. ஏசி போட்டால் விழுந்த கை குடைந்தது. நிறுத்தினால், மதியம் முழுக்க வெயில் குடித்த சுவர் அனலைக் கக்கியது. முதுகு வேர்த்துப் புண்ணானது. போடுவதும் நிறுத்துவதுமாக ரிமோட் என் கையிலேயே கிடந்தது.

ஒருநாள் நல்ல கையைச் சுவரில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“தோசைக்கல்லாட்டம் இருக்குதுங்க. இதுல ஒரு சன்னலு வெச்சுப்போடலாமுங்க. காத்து மேல பட்டாப் போதும்.”

“பாத்துக்கலாம் அம்மணி.”

பார்க்கவில்லை. அந்த வாரம்தான் பல்லடத்தில் ஒரு மில்லுக்கு மேற்கே நிழலும் காற்றுக்கு வழியும் வைக்கச் சொல்லிப் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தேன். ஆனால் நோயாளி படுத்திருக்கும்போது கன்னிமூலையை இடித்தால் உயிருக்கு ஆகாது என்று அவளுடைய அண்ணன் சொல்லியிருந்தார். நம்பிக்கை இல்லாவிட்டால் என்ன, பயம் இருந்தது. சுவரை இடித்து அவளும் போய்விட்டால் நானே கொன்றதாக ஆகிவிடும் என்று நினைத்தேன். அவள் இன்னும் இரண்டு தடவை கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

வைகாசியில் இறந்தாள். சுவர் முழுசாக இருந்தது.

எனக்கு அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. வந்தவர்கள் என்னைத் தைரியசாலி என்றார்கள். தைரியமெல்லாம் இல்லை, உள்ளே ஒன்றுமே இல்லை. சாப்பிட்டேன், ஆபீஸ் போனேன், வந்தேன்.

ஆடியில் கொத்தனாரைக் கூப்பிட்டு மேற்குச் சுவரை உடைக்கச் சொன்னேன். முதல் கல் பெயர்ந்ததும் தூசியைக் கிளப்பிக்கொண்டு காற்று உள்ளே வந்தது. எதிர்ச் சுவரில் காலண்டர் படபடவென்று அடித்துக்கொண்டது.

“இத்தன காத்து இருக்கையில ஏசி எதுக்குங்க மாட்டுனீங்க?” என்றார் கொத்தனார். டேப்பை எடுத்துச் சுவரில் வைத்தார்.

“சன்னல தரையிலிருந்து மூணடிக்கு மேல வெச்சுக்கலாமுங்களா? எல்லாரும் அப்படித்தானுங்க வெக்கறாங்க.”

“வேண்டாம், ரெண்டடியில வெய்யுங்க. கட்டில்ல படுத்திருக்கறவங்க மேல காத்து படோணும்.”

அவர் திரும்பி அறையைப் பார்த்தார். கட்டிலைத் தாராபுரத்தில் ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொடுத்து ஒரு மாதமாகியிருந்தது. அவர் டேப்பைப் பிடித்து, ரெண்டடியில் கோடு போட்டார்.