டிரங்க் காலில் மூன்றாவது காது

பழவேற்காட்டில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் என்பது தபாலாபீசுக்குப் பின்னால் இருந்த ஓர் அறை. ஒரு போர்டு, முப்பது சொச்சம் இணைப்பு, மழை வந்தால் ஒழுகும் ஓடு. எழுபதுகளின் பிற்பாதியில் அங்கே பகல் ஷிஃப்டுக்கு ஆபரேட்டர் நான் ஒருத்திதான். அனுப்பம்பட்டிலிருந்து பஸ் மாறி வருவேன். ஹெட்போனை மாட்டினால் சாயங்காலம் கழற்றும்போது இரண்டு காதும் கன்றிப்போயிருக்கும். ஊருக்கெல்லாம் நான் ‘போன் அக்கா’.

அடுத்தவர் பேச்சைக் கேட்பது குற்றம் என்று பயிற்சியிலேயே சொல்லித்தான் அனுப்பினார்கள். அதைச் சொன்ன மேற்பார்வையாளருக்கு எங்கள் எல்லார் வீட்டுக் கதையும் அத்துப்படி. வெளியூருக்குப் போடும் டிரங்க் காலில் மூன்று நிமிடம் ஆனதும் குறுக்கே புகுந்து ‘நீட்டிக்கலாமா’ என்று கேட்க வேண்டும். காது வைக்காமல் எப்படிக் கேட்பது? அப்படியே பழகிவிட்டது. சென்னைப் பெரியாஸ்பத்திரியிலிருந்து மீனவர் குப்பத்து ஆள் ஒருவரைப் பற்றி டீக்கடை போனுக்குச் சேதி வந்தால், டீக்கடைக்காரர் மறந்தாலும் நான் மறக்க மாட்டேன். படகுத்துறைக்குப் போகிறவர் யாரிடமாவது சொல்லியனுப்புவேன். அதைத் தப்பு என்று ஒருவரும் சொன்னதில்லை, நானும் நினைத்ததில்லை.

அந்தத் தைரியத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.

மஃப்டியில் ஒருவர் வந்தார். எந்தத் துறை என்று சொல்லவில்லை. எங்கள் மேற்பார்வையாளர் எழுந்து நின்றதைப் பார்த்து நானும் எழுந்து நின்றேன். இறால் வியாபாரம் செய்யும் பாய் ஒருவருடைய லைனைக் கேட்டு எழுத வேண்டும் என்றார். கடல் வழியாகக் கள்ளச் சரக்கு இறங்குகிறதாம், பாய்க்கு அதில் கை இருக்கிறதாம்.

“எழுத்துல ஏதாவது குடுப்பீங்களா சார்?” என்று கேட்டேன்.

“நான் சொல்றேன் இல்ல, அது போதும். அவன் என்ன பேசறானோ அதை மட்டும் எழுதுங்க. உங்க சொந்தச் சரக்கு ஒண்ணும் வேணாம்.”

மேற்பார்வையாளர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். வீட்டில் சம்பாதிப்பது நான் ஒருத்தி, இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பாய் நல்ல மனுஷர். பரம்பரையாக வியாபாரம் செய்த குடும்பம். குப்பத்தார் பிடிக்கும் இறாலை வாங்கி ஐஸ் போட்டு நெல்லூருக்கு அனுப்புவார். வாரம் முழுக்கக் கேட்டும் விலை, ஐஸ், லாரி, டிரைவரின் குடி, இவ்வளவுதான். பிறகு ஒரு மத்தியானம் நெல்லூர்க்காரரிடம் சொன்னார்: “நாளைக்கு குப்பத்தாருக்கு பாடு. முகத்துவாரத்துல. ஆறு படகு. விடியறதுக்குள்ள எறக்கிடுவாங்க. வேற ஊர்க்காரன் எவனும் உள்ள வர மாட்டான். லாரி வந்து ரெடியா நிக்கணும்.”

பழவேற்காடு ஏரியில் எந்த ஊர் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்று முறை வைத்திருப்பார்கள். அதற்குப் பேர்தான் பாடு. ஒரு ஊரின் பாட்டில் இன்னொரு ஊர் நுழையாது, நுழைந்தால் பஞ்சாயத்து. ஏரியைச் சுற்றி அது குழந்தைக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிந்ததை எழுதுவானேன் என்று பாய் சொன்னதை மட்டும் அப்படியே எழுதி, மஃப்டிக்காரர் அனுப்பிய ஆளிடம் கொடுத்துவிட்டேன். அந்த மஃப்டிக்காரர் வெளியூர்க்காரர், ஏரியைக் கண்ணால்கூடப் பார்க்காதவர் என்பது எனக்கு உறைக்கவில்லை. பாடு என்றால் என்ன என்று பக்கத்தில் அரை வரி எழுதியிருந்தால் போதும். என் கைக்கு என்ன கேடு வந்ததோ, எழுதவில்லை.

மறுநாள் நெல்லூர் ரோட்டில் எளாவூர் போய்ச் சேர்வதற்கு முன்பே லாரியைப் போலீஸ் மறித்துவிட்டது. பெட்டி பெட்டியாக இறாலை ரோட்டோரம் கொட்டி வெயிலில் கிளறினார்கள். இறாலுக்கு அடியில் இறால்தான் இருந்தது. அப்படியும் பாயை விடவில்லை. ஆறு படகில் வந்த சரக்கை எங்கே ஒளித்தாய் என்று இருபத்திரண்டு நாள் உள்ளே வைத்துக் கேட்டார்கள். குப்பத்தாருக்கு அந்தப் பாடு அப்படியே போயிற்று. நெல்லூர்க்காரர்கள் ‘உன் பின்னாடி போலீஸ் வருது’ என்று ஒதுங்கிக்கொண்டார்கள்.

வெளியே வந்த இரண்டாம் நாள் பாய் எக்ஸ்சேஞ்சுக்கு வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“நான் பேசனதை எழுத்து மாறாம படிச்சிக் காட்டினாங்க தங்கச்சி. பேசனது நானும் நெல்லூர்காரனும். நடுவுல யாரு?”

நான் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.  அவர் போய்விட்டார்.

பாய் கேஸ் போட்டார், அரசாங்கம், மஃப்டிக்காரர், போர்டில் இருந்த நான், மூவர் மேலும். ‘அரசாங்கத்து மேலயா?’ என்று ஊரே சிரித்தது. வருஷக்கணக்கில் இழுத்தது. அரசாங்கத் தரப்பு ஒரே பேச்சாகச் சொன்னது: யாரும் எதையும் கேட்கவில்லை, தகவல் வேறு வழியில் வந்தது. மஃப்டிக்காரர், தான் பழவேற்காட்டுக்கு வந்ததே இல்லை என்றார். மேற்பார்வையாளருக்கு மறதி வந்துவிட்டது. மிச்சம் இருந்தது நான். நான் சொன்னால் பாய் ஜெயிப்பார், என் வேலை போனாலும் போகும். சொல்லாவிட்டால் ஆயுசுக்கும் அவர் கடத்தல்காரர்.

“நீ ஒண்ணும் பெரிய தியாகி ஆக வேணாம்” என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அவர் வேலை இல்லாமல் இருந்த சமயம். நான் மூன்று வாய்தா வரைக்கும் உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்தேன். நான்காவது வாய்தாவுக்கு முதல் நாள் பாயை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். வேறொரு வியாபாரியின் ஐஸ் பெட்டிகளுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நகர்ந்து, உட்கார இடம் விட்டார். சே என்று ஆகிவிட்டது. மறுநாள் சென்னைக்குப் போய், கூண்டில் ஏறி, “நான்தான் எழுதினேன், வாய்மொழியாகச் சொன்னார்கள்” என்று சொல்லிவிட்டேன்.

தீர்ப்பு வந்தது. எழுத்தில் உத்தரவு இல்லாமல் கேட்கச் சொன்னவரும் பொறுப்பு, கேட்டவளும் பொறுப்பு, அவர்களை வேலைக்கு வைத்த அரசாங்கமும் பொறுப்பு. மூவரும் நஷ்டஈடு தர வேண்டும். அதுவரை இப்படி யாரும் கேள்விப்பட்டதில்லை என்று வக்கீல்கள் பேசிக்கொண்டார்கள். அரசாங்கம் அப்பீலுக்குப் போயிற்று. மஃப்டிக்காரரும் போனார், அப்பீல் நடக்கும்போதே பெரிய பதவியில் ஓய்வு பெற்றார். அப்பீலுக்குப் போக வசதி இல்லாதவள் நான்தான். என் பங்கை மட்டும் மாதாமாதம் சம்பளத்தில் ஒழுங்காகப் பிடித்தார்கள். வேலை தப்பித்தது.

அந்தத் தீர்ப்பால் நல்லது நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். எண்பதுகளில் இன்னொரு மஃப்டிக்காரர் வந்து வேறொரு லைனைச் சொன்னார். “எழுத்துல குடுங்க சார், நாளைக்கு நானும் பதில் சொல்லணும், நீங்களும் சொல்லணும்” என்றேன். மேற்பார்வையாளர் இந்தத் தடவை எழுந்து நிற்கவில்லை. வந்தவர் டீ கூடக் குடிக்காமல் போனார். பிறகு ஒருவரும் வரவில்லை.

ஆனால் லைனில் காது வைத்தாலே ஆபரேட்டரின் சொந்தப் பொறுப்பு என்று சுற்றறிக்கையும் வந்தது. நான் இணைப்பைக் கொடுத்துவிட்டு ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். மூன்று நிமிடத்தைக் கடிகாரம் சொல்லும். ஒரு தடவை குப்பத்துப் பெண் ஒருத்தி வந்தாள். அவள் புருஷனுக்குப் பெரியாஸ்பத்திரியில் காலை எடுத்துவிட்டார்கள். சேதி வந்து, டீக்கடைக்காரர் மறந்து, அவளுக்குத் தெரிய இரண்டு நாள் ஆகியிருந்தது.

“மின்னெல்லாம் நீ சொல்லி அனுப்புவியேக்கா. இன்னா ஆச்சு உனுக்கு?”

என்ன ஆச்சு என்று அவளிடம் எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? “தெரியாதும்மா” என்றேன். 

பாய் மறுபடி சின்னதாக வியாபாரம் தொடங்கினார். வீட்டுக்குப் போன் வேண்டாம் என்றுவிட்டார். எக்ஸ்சேஞ்சுக்கே வந்து புக் பண்ணி, அங்கிருந்த மரக் கூண்டில் நின்று பேசுவார். கூண்டின் கதவு சாத்தாது. முதல் நாள் நெல்லூர் லைனைக் கொடுத்துவிட்டு ஹெட்போனைக் கழற்றினேன்.

பாய் நிதானமாக, பிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோல் பேசினார். “நாளைக்கு குப்பத்தாருக்கு பாடு. பாடுன்னா, ஏரியில எந்த ஊரு என்னிக்கு வலை போடணும்னு முறை வெச்சிக்கறது. முகத்துவாரம்னா ஏரி கடல்ல சேர்ற எடம். ஆறு படகு வரும், ஆறும் இறால் படகு. விடியறதுக்குள்ள எறக்கறது எதுக்குன்னா, வெயில் ஏறினா கெட்டுப் பூடும்.”

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ. பாய் சொன்னார்: “உனுக்குத் தெரியும்பா. உனுக்கு சொல்லல. நீ கம்முனு இரு.”

நான் ஜெயித்துக் கொடுத்த கேஸ் அது. சட்டம் அவர் பக்கம் வந்து வருஷம் இரண்டாகிவிட்டது. கடிகாரத்தைப் பார்த்து, “மூணு நிமிஷம் ஆச்சு பாய், நீட்டிக்கவா?” என்று கேட்டேன்.

“வேணாம் தங்கச்சி, எல்லாம் சொல்லிட்டேன்.” ரிசீவரை வைத்துவிட்டு வெளியே வந்தார். கேலி இல்லை, குத்தல் இல்லை, நிஜமாகவே கேட்டார்: “சரியா எழுதிக்கினியா?”

மடியிலிருந்த ஹெட்போனைத் தூக்கிக் காட்டினேன். அவர் சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தார், பார்க்கவில்லை.