சந்தனம் பூசிய கொம்பியூற்றர்

யாராவது மேடையேறிக் கணினிக் கல்வியின் அருமை பெருமைகளை அளக்கத் தொடங்கினால் எனக்கு இருப்புக்கொள்ளாது. எழுந்து வெளியே போய்விடுவேன். கேட்பவர்களிடம் புழுக்கம் என்று சொல்லிச் சமாளிப்பேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஊர்காவற்றுறைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். லண்டனில் இருந்த பழைய மாணவர் ஒருவர் கொம்பியூற்றர் ஒன்று அனுப்பிவைத்தார். எழுதும் கொப்பி அளவிலான கறுப்புப் பெட்டி, மேலே எழுத்துக் கட்டைகள். ரீவிப் பெட்டியில் கொழுவினால்தான் திரையில் எதையும் காட்டும். ரீவியும் அவருடைய உபயம்தான். என்னைக் கொழும்புக்கு இரண்டு கிழமைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்து பார்த்தால், பெட்டி பள்ளி அதிபரின் அறை அலுமாரிக்குள் பூச்சி உருண்டைகளோடு கிடந்தது. பூட்டிய திறப்பு அதிபரின் மடியில்.

"உப்புக் காத்து, மாஸ்ரர். பிள்ளையள் தொட்டால் பழுதாப் போடும். நீர் கரும்பலகையிலை படிப்பியும்" என்றார்.

ஒரு வருடமாக வெண்கட்டியால் கொம்பியூற்றர் படிப்பித்த மடையன் நான். மெசின் இல்லாதபடியால் பிள்ளைகளையே மெசினாக்கினேன். நான்கு பேர் எண் எழுதிய மட்டைகளைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒருத்தி புரோகிராமை வரிவரியாக வாசிப்பாள். அதன்படி மற்றவர்கள் எண்ணை அழித்து மாற்றுவார்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியர்கள் சன்னலால் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

வாசிப்பவள் எழுவைதீவுப் பிள்ளை. தகப்பன் கடற்றொழில். கிழமை நாட்களில் இங்கே சின்னம்மா வீட்டில் தங்கிப் படித்தாள். அவள் தானாகவே ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டு வந்தாள். நூற்றுக்குள் ஓர் எண்ணை நீங்கள் மனதில் நினைக்க வேண்டும். மெசின் ஏழே கேள்வியில் அதைக் கண்டுபிடித்துவிடும். எனக்குப் புல்லரித்தது. அந்த வருடத்தோடு படிப்பு போதும் என்று தகப்பன் முடிவாகச் சொல்லியிருந்தார். தீவில் மின்சாரமே கிடையாது.

"சேர், நான் போக முதல் இது ஒருக்கா ஓடுறதைப் பாக்க வேணும். வேறை ஒண்டும் வேண்டாம்" என்றாள்.

அதிபரிடம் போய்க் கெஞ்சினேன். அவர் யோசித்துவிட்டு, விசயதசமியன்று ஏடு தொடக்குவதுபோல் அவளே முதல் எழுத்தை அதில் தட்டட்டும் என்றார். நான் சந்தோசத்தில் அவளிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் புரோகிராமைத் திருப்பித் திருப்பிப் பிரதி எடுத்தாள்.

நவராத்திரியின் கடைசி நாட்களில், வழக்கம்போலப் புத்தகங்களோடு கொம்பியூற்றரையும் கலைமகள் படத்தின் முன் வைத்தார்கள். அதிபர் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். பெட்டியின் விளிம்பில் ஒரு பொட்டு போதும் என்று சொல்லிப் பார்த்தேன்.

"கல்விக்கெண்டு வந்த சாமானுக்குச் சந்தனம் வைக்கிறதிலையும் கஞ்சத்தனமோ?" என்று கேட்டுவிட்டு, ஒவ்வொரு கட்டைக்கும் பொட்டு வைத்தார். பிறகு பன்னீர்ச் செம்பை எடுத்து மூன்று முறை உதறினார். வைத்ததை விசயதசமிவரை தொடக்கூடாது என்று கட்டளை வேறு.

விசயதசமியன்று சுவிச்சைப் போட்டேன். ரீவி இரைந்தது, அவ்வளவுதான். கட்டைகளின் இடுக்கில் சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. உள்ளேயிருந்து எறும்பு ஊர்ந்து வந்தது. ஈர்க்குச்சியால் கிண்டிக் கிண்டிப் பார்த்தேன். அவள் கொப்பியை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். எனக்கு அந்தச் செம்பை எடுத்து அதிபரின் தலையில் கவிழ்க்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் சுவிச்சை நிறுத்திவிட்டுச் செம்பை மரியாதையாக அவரின் கையில் கொடுத்தேன். சம்பளக்காரன் அல்லவா?

அடுத்த கிழமை கல்வி அதிகாரி கொம்பியூற்றரைப் பார்க்க வருவதாகக் கடிதம் வந்தது. அதிபர் என்னைத் தேடி வகுப்புக்கே ஓடி வந்தார். "மாஸ்ரர், எப்பிடியாவது பள்ளிக்கூடத்தின்ரை மானத்தைக் காப்பாத்தும்."

அந்தக் கேவலமான யோசனை என் தலையில்தான் உதித்தது. ரீவியின் முகத்தை அவள் பக்கம் திருப்பி, முதுகை அதிகாரிக்குக் காட்டினேன். அதிகாரி ஓர் எண்ணை நினைத்தார். அவள் செத்த கட்டைகளைத் தட்டி, வெறும் இரைச்சலைப் பார்த்துக்கொண்டு, திரையில் இருப்பதை வாசிப்பதுபோல் கேள்வி கேட்டாள். ஐம்பதிலும் பெரிசோ? ஓம். எழுபத்தைஞ்சிலும் பெரிசோ? இல்லை. ஏழாவது பதிலோடு எண்ணைச் சொல்லிவிட்டாள். எல்லாம் மனக்கணக்கு.

அதிகாரி கதிரையை விட்டு எழும்பிக் கைதட்டினார். "பிள்ளை, உந்த மெசினுக்கு எவ்வளவு மூளை எண்டு பாத்தீரோ!"

அதிபர் பல்லைக் காட்டினார். நானும் சேர்ந்து தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றும் என் முகத்தில் நானே துப்ப வேண்டும்போல் இருக்கிறது.

வருடச் சோதனை முடிந்து அவள் வள்ளத்துக்குப் போகும் நாளில் இறங்குதுறைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அதற்குள் அவள் ஒரு கேள்வி கேட்டுவிட்டாள்.

"சேர், மெசின் பழுதாகாட்டில் நான் எழுதினது ஓடியிருக்கும்தானே?"

"ஓம், பிள்ளை. ஒரு பிழையும் இல்லை" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டு வள்ளத்தில் ஏறினாள். அந்தக் கொம்பியூற்றரில் ஒரு வரியைக்கூட நான் ஓட்டிப் பார்த்ததில்லை என்பது அவளுக்குத் தெரியாது.