மணிவேல் பின்னிய கோழி

"இவ்வளவு நல்ல கைவேலையை நான் பார்த்ததே இல்லை" என்று வாழ்நாளில் முதல்முறையாக ஒருவர் சொன்னபோது, அதைச் செய்தது நான் இல்லை என்று மணிவேல் சொல்லிவிட்டான். அப்போது அவனுக்கு வயது முப்பத்து நான்கு. இன்றைக்கு நாற்பத்து மூன்று. இடையில் ஓடிய ஒன்பது வருஷத்தில் அந்த ஒரு வாய்ச்சொல்லைத் திரும்ப எடுக்க அவனுக்கு எத்தனையோ சமயம் வாய்த்தது. ஒரு தடவையும் வாய் எழவில்லை.

அடி அண்ணாமலை என்கிற மலையடி ஊரில் பிறந்து வளர்ந்தவன். பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கோட்டை விட்டவன். மெக்கானிக் கடையில் சேர்ந்தான். மூன்றாம் மாதம் ஒரு வண்டியின் இன்ஜின் மூடியை மாற்றிப் பூட்டியதற்காகத் துரத்திவிட்டார்கள். கொத்து வேலைக்குப் போனான். அவன் வைத்த சுவரை மேஸ்திரி காலால் உதைத்துத் தள்ளினார். அப்பா அப்பாசாமிக்கு அதெல்லாம் ஆச்சரியமே இல்லை. "இவன் கை பட்டா கத்திரிச்செடி கூட பட்டுப் போவும்" என்று சொந்தக்காரர்கள் நடுவிலேயே சொல்லிச் சிரிப்பார். கடைசியில் மணிவேல் ஆட்டோவுக்கு வந்தான். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருந்த ஸ்டேண்டில் அவன் வண்டி நின்றது. ஓட்டுவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆட்டோ ஓட்டுவதை யார் கைவேலை என்கிறார்கள்?

ஒரு தை மாதம், பௌர்ணமிக்கு முதல் நாள், பின்னால் வந்த வேன் ஒன்று அவன் வண்டியைச் சாய்த்துவிட்டுப் போனது. வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. கம்பி வைத்துக் கட்டி, நான்கு மாதம் காலை ஊன்றக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டில் படுத்துக் கிடந்தவனுக்குக் கூரைத் தகரத்தின் நெளிவுகளை எண்ணுவதைத் தவிர வேலை இல்லை. அவன் மனைவி அருணாதேவி அப்போது வேங்கிக்காலில் மகளிர் குழு நடத்திய தையல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே ஒரு வாரம் உல்லன் நூலில் பின்னக் கற்றுக் கொடுத்தார்கள். நுனியில் சின்னக் கொக்கி வைத்த ஊசி ஒன்றும், பச்சையும் மஞ்சளுமாக இரண்டு நூல் உருண்டையும் கொண்டு வந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மூன்று நாள் மல்லுக்கட்டினாள். நாலாம் நாள் எல்லாவற்றையும் சுருட்டி எறிந்தாள்.

"இந்தக் கண்ணி எங்க நுழையுது, எங்க வருதுனே தெரியலீங்க. எனக்கு மெஷின்தான் லாயக்கு."

அவள் சமையலுக்கு எழுந்து போனதும் மணிவேல் சும்மா இருக்க மாட்டாமல் அதைக் கையில் எடுத்தான். மூன்று நாளாக அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டே கிடந்ததில் எங்கே தப்புகிறாள் என்பது அவனுக்குப் புரிந்திருந்தது. நூலைச் சுண்டுவிரலில் ஒரு சுற்று சுற்றி இழுத்துப் பிடித்தான். கொக்கியை விட்டு இழுத்தான். ஒரு கண்ணி. அதற்குள் இன்னொன்று. சோறு வடித்துவிட்டு அருணாதேவி வந்தபோது, ஒரு முழ நீளத்துக்குச் சங்கிலி அவன் மார்பில் கிடந்தது. எல்லாக் கண்ணியும் ஒரே அளவு.

"யாரு போட்டது இது?" என்று கேட்டாள், வீட்டில் வேறு ஆளே இல்லாதபோது.

போனில் நெட் இலவசமாக வந்துகொண்டிருந்த சமயம் அது. பின்னல் வீடியோக்களைத் தேடி எடுத்தான். எந்த நாட்டுப் பெண்மணியோ, என்ன பாஷையோ, மேஜை மேல் இரண்டு கை மட்டும் தெரியும். சத்தத்தை அணைத்துவிட்டு அந்தக் கைகளை மட்டும் பார்த்துப் பின்னினான். தப்பினால் ஒரே இழுப்பில் பிரித்துவிட்டு மறுபடி போடலாம் என்பது அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மேஸ்திரி உதைத்த சுவரை அப்படி மறுபடி கட்ட யாரும் அவனை விடவில்லை. ஒரு மாதத்தில் அவன் பூ பின்னினான், தொப்பி பின்னினான், மகளுக்குக் கை வைத்த ஸ்வெட்டர் பின்னினான்.

யாராவது வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் மட்டும் எல்லாம் தலையணைக்கு அடியில் போய்விடும். ஒரு நாள் ஸ்டேண்டு நண்பன் விமல்ராஜ் பார்க்க வந்தபோது நூல் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"இன்னா மச்சான், தலகாணிலேர்ந்து நூல் வருது?"

"அருணாவுது. எங்க பாத்தாலும் போட்டுட்டுப் போயிடறா."

அடுக்களையில் நின்ற அருணாதேவிக்கு அது கேட்டது.

மகள் கவியா அப்போது ஒன்றாம் வகுப்பு. அவள் சோறு போட்டு வளர்த்த கோழி ஒன்று வண்டியில் அடிபட்டுச் செத்துப் போயிருந்தது. இரண்டு நாள் அழுதாள். அவளுக்காக மணிவேல் ஒரு கோழி பின்னினான். செம்பழுப்பு உடம்பு, சிவப்புக் கொண்டை, கண்ணுக்கு இரண்டு கறுப்பு மணி. இறக்கைக்கு அடியில் பக்கத்துக்கு மூன்று பை வைத்து, அதில் நுழைகிற மாதிரி கட்டைவிரல் பருமனில் ஆறு மஞ்சள் குஞ்சு. எந்த வீடியோவிலும் அப்படி ஒன்று இல்லை. பை வைக்கிற யோசனை அவனுடையது. பின்னி முடிக்கும் வரை கவியா கட்டிலை விட்டு நகரவில்லை. ஆறாவது குஞ்சு உள்ளே போனதும் அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

பங்குனியில் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. பிள்ளைகள் வீட்டிலிருந்து ஏதாவது செய்துகொண்டு வரவேண்டும். கவியா கோழியைக் கொண்டுபோனாள். பெற்றோரையும் வரச் சொல்லியிருந்தார்கள். அருணாதேவிக்கு அன்று தையல் பரீட்சை. ஊன்றுகோலோடு மணிவேலைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தது விமல்ராஜ்.

கோழி இருந்த மேஜையைச் சுற்றிக் கூட்டம். டீச்சர் மணிவேலைப் பார்த்ததும் கையில் ஒரு குஞ்சோடு வந்தார்.

"சார், இது நீங்க பின்னினதுனு கவியா சொல்றா. நெஜமாவா? இவ்ளோ நல்ல கைவேலய நான் பாத்ததே இல்ல சார்."

ஒரு நொடி மணிவேலுக்கு நெஞ்சு நிரம்பியது. ஆமாம் டீச்சர் என்று சொல்ல வாயும் திறந்துவிட்டது. அதற்குள் பக்கத்தில் விமல்ராஜ் திரும்பிப் பார்த்தான். இன்னும் இரண்டு மூன்று அப்பாக்கள் திரும்பினார்கள்.

"ஐயோ டீச்சர், நான் ஆட்டோ ஓட்டறவன்" என்று மணிவேல் சிரித்தான். "எல்லாம் அவங்கம்மா வேல."

டீச்சர் குனிந்து கவியாவின் கன்னத்தைத் தட்டினார். "வெளயாட்டுக்குக் கூட பொய் சொல்லக் கூடாது கண்ணு. சரியா?"

"இல்ல டீச்சர். அப்பாதான்..." கவியா அப்பாவைப் பார்த்தாள்.

மணிவேல் ஊன்றுகோலைப் பார்த்தான். "சின்னப் புள்ள டீச்சர். எதாச்சும் உளறும்."

வீட்டுக்கு வந்ததும் கவியா அம்மாவின் மடியில் விழுந்து அழுதாள். விஷயம் தெரிந்ததும் அருணாதேவி முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"நாளைக்கே நான் போய் டீச்சர்கிட்ட சொல்றேன்."

"விடு அருணா. ஸ்டேண்டுல தெரிஞ்சா என் மானம் போயிடும்."

"நீங்க இன்னா திருடவா செஞ்சீங்க?"

போகக் கூடாது என்று மட்டும் சொன்னான். அவள் போகவில்லை. போயிருக்கலாம் என்று அவளும் பிற்பாடு நினைத்ததுண்டு. கவியா இரண்டு நாள் அப்பாவிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் பழையபடி வந்து அவன் வயிற்றின் மேல் ஏறிப் படுத்தாள். குழந்தைதானே, மறந்துவிட்டாள் என்று மணிவேல் நிம்மதியானான்.

பொய்க்குத் தனியாக ஒரு ஓட்டம் உண்டு. அந்த டீச்சர் சொல்லித்தான் வேங்கிக்காலில் நடந்த மகளிர் குழுக் கண்காட்சிக்கு அருணாதேவியைக் கூப்பிட்டார்கள். கோடை முழுக்க மணிவேல் பின்னிய சாமான்களைப் பரப்பி வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். முதல் பரிசு கிடைத்தது. அடுத்த மாதமே, பெண்களுக்குப் பின்னல் சொல்லிக் கொடுக்க வர முடியுமா என்று கேட்டார்கள்.

"எனக்குச் சங்கிலியே ஒழுங்கா வராதே! நீங்க வாங்க, உண்மையச் சொல்லிடலாம்" என்றாள்.

"பொம்பளைங்க குழுவுல நான் எப்பிடி வர்றது? நீ கத்துக்கோ. நான் சொல்லித் தரேன்."

ஒரு மாதம் சொல்லிக் கொடுத்தான். அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு, அவள் விரலைப் பிடித்து, நூலை எந்த இறுக்கத்தில் விடவேண்டும், கண்ணியை எங்கே எண்ண ஆரம்பிக்கவேண்டும் என்று ஒவ்வொன்றாக. அவன் திட்டவே இல்லை. கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவர்கள் அவ்வளவு பேசியதும் இல்லை, அவ்வளவு சிரித்ததும் இல்லை. அருணாதேவி பிடிவாதக்காரி. கற்றுக்கொண்டாள். வகுப்பு எடுத்தாள். நல்ல பேரும் எடுத்தாள்.

வகுப்பில் அவள் மறைக்கவில்லை. "எங்க வீட்டுக்காரர்தான் எனக்குச் சொல்லிக் குடுத்தாரு" என்று முதல் நாளே சொல்லிவிடுவாள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். புருஷனை எப்படி விட்டுக் கொடுக்காமல் பேசுகிறாள் பார் என்று தங்களுக்குள் மெச்சிக்கொள்வார்கள். அவள் சொன்ன உண்மையைப் புருஷனுக்குத் தரும் மரியாதையாகவே எடுத்துக்கொண்டார்கள்.

ஆடியில் மணிவேல் காலை ஊன்றி வண்டிக்குத் திரும்பினான். ஆனால் ஆசை விடவில்லை. கட்டில் முழுக்க விரிகிற பெரிய போர்வை ஒன்று பின்னவேண்டும். அதன் ஓரத்தில் 'மணிவேல்' என்று தன் பெயரையே நூலில் போடவேண்டும். செங்கம் ரோட்டில் வெளியூர்க்காரர்கள் வந்து வாங்கும் கடையில் அது தொங்கவேண்டும். ஒவ்வொரு பொங்கலுக்கும் இந்த வருஷம் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வான். சவாரி இல்லாத மத்தியான நேரத்தில் வண்டியைத் தனியாக ஓரங்கட்டி, மடியில் பேப்பரை விரித்து, அதற்கு அடியில் பின்னினான். நாலு சாண் அகலம் வந்ததும் ஒரு தடவை கடைக்காரம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினான். அவர் தடவிப் பார்த்துவிட்டு, "யாரு பின்றது?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுல" என்றான். அந்தச் சொல் தானாகவே வந்தது. வந்தபிறகு எந்த முகத்தோடு ஓரத்தில் தன் பெயரைப் போடுவது? வீட்டுக்கு வந்து நுனியைப் பிடித்து இழுத்தான். ஒரே மூச்சில் அத்தனையும் பிரிந்து வந்தது. அந்த நூலில் அருணாதேவியின் மாணவிகள் தொப்பி போட்டார்கள். அதற்கப்புறம் அவன் ஊசியைத் தொடவில்லை.

இந்த ஆனியில் கவியா வேலூரில் பாலிடெக்னிக்கில் சேர்ந்தாள். ஹாஸ்டல். பெட்டியும் வாளியுமாக அவளை பஸ் ஸ்டேண்டுக்கு ஆட்டோவில் அழைத்துப் போனது மணிவேல்தான். அருணாதேவிக்கு வகுப்பு, வாசலிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு அனுப்பிவிட்டாள். வழியெல்லாம் கவியா பேசிக்கொண்டே வந்தாள்.

"ஹாஸ்டல்ல மொத நாளே உனக்கு இன்னா தெரியும்னு கேப்பாங்களாம்ப்பா. பாட்டு, டான்ஸு, எதாச்சும். அம்மா மாதிரி பின்ன வந்தாலாவது சொல்லலாம். நான் உன்ன மாதிரி. கையில ஒண்ணும் வராது."

அவள் கேலியாகத்தான் சொன்னாள், பிரியமாகத்தான் சொன்னாள். மணிவேல் வண்டியை ஓரமாக நிறுத்தினான்.

"இன்னாப்பா? பெட்ரோலா?"

"அந்தக் கோழி ஞாபகம் இருக்கா உனக்கு? ஆறு குஞ்சு வச்சது?"

"ஆமா, அம்மா பின்னினது. ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போனனே."

"அது நான் பின்னினதுடா."

கவியா சிரித்தாள். பிறகு கண்ணாடியில் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

"அப்பா, அன்னிக்கு நான் பொய் சொல்லி டீச்சர்கிட்ட மாட்டிக்கிட்டேன் இல்ல? அது மட்டும்தான் எனக்கு ஞாபகம் கீது. உம்மேல பாசத்துல அப்பிடிச் சொல்லிட்டேன்னு நெனச்சுக்குவேன்."

"நீ பொய் சொல்லல. நான்தான் சொன்னேன்."

வேலூர் பஸ் புறப்படும் நேரம் ஆகிக்கொண்டிருந்தது. அவன் வண்டியை எடுத்தான். பெட்டியை ஏற்றிவிட்டு ஜன்னலுக்குக் கீழே நின்றான். "போய்ட்டு வரேன்ப்பா" என்றாள்.

அன்று சாயங்காலம் போன் வந்தது. அம்மாவிடம் கேட்டிருந்தாள்.

"நெஜம்தானாம்ப்பா. அம்மா சொல்லிச்சு." பிறகு அவளே சொன்னாள்: "டீச்சர் அப்பிடிச் சொன்னதுக்கு அப்புறம் எது சொன்னாலும் எனக்கே ஒரு சந்தேகம் வரும்ப்பா, இது நெஜமா, நானா சேத்து சொல்றனானு. அத்தினி வருஷம். ஒரு வாட்டி சொல்லி இருக்கலாம் இல்ல?"

"சொல்லி இருக்கலாம்தான்" என்றான் மணிவேல். சாப்பிட்டாயா என்று கேட்டான். சாப்பிட்டேன் என்றாள்.

மறுநாள் ஸ்டேண்டில் டீ குடிக்கும்போது விமல்ராஜிடம் சொன்னான். ஏன் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது. கால் உடைந்த வருஷம், தலையணைக்கு அடியில் இருந்த நூல், பள்ளிக்கூடம், எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, சிரிப்பு வரட்டும் என்று கிளாஸைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான்.

விமல்ராஜ் சிரிக்கவில்லை. "அட, அவ்ளோதானா?" என்றான். "அப்பவே சொல்லி இருந்தா என் பொண்ணு பொறந்தப்ப ஒரு தொப்பி கேட்டு வாங்கி இருப்பனே மச்சான். டவுன்ல எங்க தேடியும் நல்லதா ஒண்ணு கிடைக்கல."

அவன் டீயைக் குடித்து முடித்துவிட்டு, சவாரி கூப்பிட, எழுந்து போய்விட்டான். மணிவேல் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தான். யாருக்குப் பயந்து அந்தப் பொய்யைச் சொன்னானோ, அந்த மனிதனுக்கு அது ஒரு விஷயமே இல்லை. டீ ஆறிப்போயிருந்தது. பெஞ்சில் வைத்துவிட்டு அவனும் எழுந்தான்.