நாலாவது சக்கரம்

நம்ப மாட்டேன் என்பவர்கள் இந்த வரியோடு நிறுத்திக்கொள்ளலாம். கெஞ்சிக் கூத்தாடி நம்பவைக்க எனக்குப் பொறுமை கிடையாது. நடந்தது நடந்ததுதான். அதுவும் நட்டநடு ராத்திரியில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், என் சொந்தப் பட்டறையில்.

வண்டி, ராணுவம் கழித்துப் போட்ட பழைய லாரி. ஏலத்தில் எடுத்த முதலாளி அதில் கல்குவாரிக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார். ஓட்டுவது என் தங்கச்சி புருஷன். பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது என்று மூன்று வாரமாகத் தெரிந்தும் வாயைத் திறக்காமல் ஓட்டியிருக்கிறான், அந்த மகானுபாவன். மறுநாள் காலை ஆறு மணிக்கு முப்பது பேரோடு மலையிறங்க வேண்டும். முதல் நாள் மத்தியானம்தான் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நிற்கிறான். வந்த ஆத்திரத்தில் அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டிவிட்டேன். இரண்டு சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு அது. கோபம் வராமல் என்ன செய்யும்?

பிரேக் குழாய்க்குள் புகுந்த காற்றை எடுக்க வேண்டும். இதற்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் கேபினில் உட்கார்ந்து பெடலை மிதிப்பார். மற்றவர் அடியில் படுத்து, ஒவ்வொரு சக்கரத்திலும் நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறந்து காற்றை வெளியேற்றுவார். கீழே இருப்பவர் "மிதி" என்றால் மிதிக்க வேண்டும். "பிடி" என்றால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "பிடிச்சாச்சு" என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராமல் நிப்பிளில் கை வைக்கக் கூடாது. தொழிலில் அதுதான் முறை.

அவனைக் கேபினில் ஏறச் சொல்லிவிட்டு, திட்டிக்கொண்டே அடியில் புகுந்தேன். மேலே கதவு அடைபடும் சத்தம் கேட்டது. மணி ஒன்றேகால்.

"மிதி."

டப். டப். டப்.

"பிடி."

பெடல் நின்றது. பதில் இல்லை.

துரைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது என்று நினைத்தேன். முறையாவது மண்ணாவது, எனக்கும் வீம்பு. பதிலுக்குக் காத்திருக்காமல் நிப்பிளைத் திறந்தேன்.

ஒரு சக்கரம் முடிந்தது. இரண்டு. மூன்று. குறையக் குறைய பிரேக் ஆயில் ஊற்ற வேண்டிய டப்பா கேபினுக்கு வெளியே, வண்டிச் சட்டத்தின் ஓரத்தில் இருந்தது. அதனால் அவன் மூஞ்சியைப் பார்க்க வேண்டிய அவசியமே வரவில்லை. நல்லதாகப் போயிற்று.

ஒன்று மட்டும் உறுத்தியது. அவன் காலில் ரப்பர் செருப்பு. மேலே கேட்டது கனமான பூட்ஸ் சத்தம்...

நாலாவது, டிரைவர் பக்கத்து முன்சக்கரம். நிப்பிள் துருவேறி இறுகிக் கிடந்தது. அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன். விரல் முட்டி உரிந்து ரத்தம். பசி வேறு.

"மூணு சக்கரத்துல பிரேக் பிடிச்சா போதும். முடிஞ்சுது, இறங்கு" என்று கத்தினேன்.

டப்.

"முடிஞ்சுதுன்னு சொல்றேன்ல."

டப். டப். டப்.

இந்த முறை மிதி இல்லை, உதை. என் முகத்தில் துரு உதிர்ந்தது.

"மாப்ளே...?"

டப் டப் டப் டப்...

இது ரோஷம் இல்லை. கோபம். என் கோபமெல்லாம் அதன் முன்னால் ஒன்றுமே இல்லை.

வெளியே தவழ்ந்து வரவும் தைரியம் இல்லை. கை தானாக ஸ்பேனரை எடுத்தது. எண்ணெய் விட்டேன். சுத்தியலால் தட்டினேன். திருகினேன். தட்டினேன்...

நிப்பிள் அசைந்தது.

சத்தம் நின்றது.

பெடல் அமுங்கியது. அப்படியே நின்றது. நான் "பிடி" என்று சொல்லவே இல்லை.

கரேலென்று ஆயில் வந்தது. பின்னாலேயே நுரை நுரையாகக் காற்று. அத்தனையும் அங்கேதான் இருந்திருக்கிறது.

மணி இரண்டு நாற்பது. உருண்டு வெளியே வந்தேன். மாப்பிள்ளை வாசலில் வந்துகொண்டிருந்தான், கையில் சாப்பாட்டு டப்பாவோடு.

"எப்ப இறங்கினே?"

"நான் ஏறவே இல்லையே மச்சான். நீங்க திட்டினதும் வீட்டுக்குப் போயிட்டேன்."

கேபினில் யாரும் இல்லை. தொட்டுப் பார்த்தேன். பெடல் ரப்பர் மட்டும் கதகதப்பாக இருந்தது.

மறுநாள் முப்பது பேரும் பத்திரமாக மலையிறங்கினார்கள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. ஏலம் விட்ட ஆபீஸில் நச்சரித்து, அந்த லாரியைக் கடைசியாக ஓட்டிய ராணுவ டிரைவரின் நம்பரை வாங்கினேன். வண்டியில் செத்தது யார் என்று நேரடியாகவே கேட்டேன்.

"யாரும் சாகலையே தம்பி. மெக்கானிக் ஒருத்தன் மூணு சக்கரத்தைப் பார்த்துட்டு, நாலும் முடிஞ்சுதுன்னு கையெழுத்துப் போட்டுட்டான். இறக்கத்துல பாறையில மோதிட்டேன். இன்னிக்கும் அவன்மேல ஆத்திரம் அடங்கல. மத்தபடி நான் நல்லாத்தான் இருக்கேன்."

எனக்கு மூச்சு வந்தது. யாரும் சாகவில்லை. அப்படியென்றால்...

"வலது கால் மட்டும் பெடல்ல சிக்கிக்கிச்சு" என்றார். "வெட்டித்தான் என்னை வெளிய எடுத்தாங்க. கால் வண்டியிலயே நின்னுபோச்சு."