நித்தியகல்யாணிக்குத் தண்ணீர்

உத்தமபாளையம் நர்சரியில் நித்தியகல்யாணிக் கன்றை என் கையில் கொடுத்த பெண், "மண்ணு நல்லாக் காஞ்ச பெறகு ஊத்துங்கக்கா. தெனமும் ஊத்துனா வேரு அழுகிரும்" என்றாள்.

என் சின்ன வயதில், புருஷன் விரட்டிவிட, எங்கள் வீட்டோடு வந்திருந்த அத்தை, அப்பாவின் தங்கை, இதே செடியை ஓடைக்கரையிலிருந்து கொண்டுவந்து வாசல் சுவரோரம் நட்டாள். ஆடு கடிக்கவில்லை, கோடையிலும் கருகவில்லை, பூத்துக்கொண்டே இருந்தது. "சுடுகாட்டுப் பூவ வாசல்ல வச்சிருக்கா" என்று அம்மா கறுவினாள். பிடுங்கினால் அப்பா கேட்பார். அதனால் என்னிடம் சொன்னாள்: "தெனமும் ஒரு குடம் ஊத்துடி. தானா அழுகிப் போகும்."

எட்டு வயது எனக்கு. தெரிந்தேதான் ஊற்றினேன். நான் குடம் சுமப்பதைப் பார்த்த அத்தை என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். "இந்த வீட்டுல எனக்கு நீ ஒருத்திதான்த்தா."

சில நாட்களில் இலைகள் மஞ்சளாகிச் செடி தலை தொங்கியது. அத்தை அதைத் தாகம் என்று நினைத்துவிட்டாள்.

"வாடுதே, இன்னொரு குடம் ஊத்துத்தா" என்றாள்.

ஊற்றினேன்.

"தண்ணி விசயத்த மறந்துராதீகக்கா" என்றாள் நர்சரிப் பெண்.

"மறக்காது" என்றேன்.