எடுக்க மறந்த பதினொரு அம்புக்குறிகள்

குறையே தெரியாத வீடு நல்ல வீடா, இல்லை குறையை நன்றாக மறைத்து வைத்த வீடா? அம்மா என்னிடம் இதைக் கேட்டபோது நாங்கள் பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தோம். பள்ளியை முடித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பன்னிரண்டு வருடம் படித்ததில் இந்தக் கேள்வி எந்தப் பாடத்திலும் வந்ததில்லை.

அம்மாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அவளுக்குச் சட்டை தைக்கும் ஆலையில் வேலை. இருபத்திரண்டு வருடமாக ஒரே மேசை. தைத்து முடித்த சட்டைகள் அந்த மேசைக்கு வரும். காலரில் ஆரம்பித்துத் தோள், கை, பக்கத் தையல் என்று விரலை ஓட்டிக்கொண்டே போய், கடைசியில் சட்டையை உள்பக்கம் திருப்பிப் பார்ப்பாள். ஒரு சட்டைக்கு ஒன்றரை நிமிடம். நூல் விட்டிருந்தால், பொத்தான் தள்ளி இருந்தால், அந்த இடத்தைக் காட்டி நகத்தின் அளவில் ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டிவிடுவாள். அது ஆல்டர் மேசைக்குப் போகும். அங்கே உள்ளவர்கள் பிரித்துத் தைத்துச் சரிசெய்து, அம்புக்குறியை உரித்துப் போட்டுவிட்டு அனுப்புவார்கள்.

ஆலையில் அம்மாவுக்குப் பெயர் 'எக்ஸ்ரே'. வீட்டிலும் அவள் அப்படித்தான். தக்காளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் கூடையில் போடுவாள். யாராவது தேவைக்கு மேல் இனிப்பாகப் பேசினால், அவர்கள் போன பிறகு, "இவங்களுக்கு என்ன வேணுமாம்?" என்பாள். அப்பா அதற்கு நேர்மாறு. மருந்துப் பெட்டிகளைக் கடைகடையாக இறக்கும் வேன் ஓட்டுகிறவர், எதிரே வருகிற எல்லோரையும் நம்பிவிடுவார். "உங்கப்பாவுக்கும் சேத்து நான்தான் சந்தேகப்பட வேண்டியிருக்கு" என்று அம்மா அலுத்துக்கொள்வாள். அப்பாவோ, "என்னைக் கட்டிக்கச் சம்மதம் சொல்ல உங்கம்மா எட்டு மாசம் எடுத்துக்கிட்டா. இன்னமும் குளிக்கும்போது முதுகுல எங்கயாவது ஸ்டிக்கர் இருக்கான்னு தடவிப் பாத்துக்குவேன்" என்பார்.

நாங்கள் பதினொரு வருடம் இருந்த வாடகை வீட்டை மூன்று மாதத்தில் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இனி வாடகைக்குப் போவதில்லை என்று அம்மா முடிவெடுத்தாள். வங்கியும் கடன் தருவதாகக் கடிதம் கொடுத்துவிட்டது. ஆனால் ஒன்பது வீடு பார்த்தும் ஒன்றும் அம்மாவின் மேசையைத் தாண்டவில்லை. ஒன்றில் மாடிப்படி சரிவு, ஒன்றில் பத்திரத்தில் ஒரு கையெழுத்துக் குறைவு, ஒன்றில் விற்பவர் சிரித்துக்கொண்டே இருந்தார். அதுவே போதும் என்று வந்துவிட்டாள். ஒன்றரை மாதம் ஓடிப்போயிற்று.

பத்தாவது வீட்டைத் தரகர் காட்டினார். எதைச் சொன்னாலும் "சரிங்க" என்பதால் அவருக்கு எங்கள் வீட்டில் பெயரே 'சரிங்க' தான். விற்பவர் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி அறுத்துக் கொடுக்கிற வேலை. மகள் இருக்கும் ஊருக்கே போகிறார்களாம். இரண்டு அறை, ஒரு கூடம், வெளிச்சமான சமையலறை, பின்னால் துணி காயப்போட இடம். அப்பா நுழைந்த உடனேயே எந்த மூலையில் தன் நாற்காலியைப் போடலாம் என்று பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அம்மாவை உறுத்தியது விலைதான். அதே சந்தில் மூன்று வருடத்துக்கு முன் ஒரு வீடு விற்ற விலையையே இவரும் கேட்டார். "மூணு வருஷத்துல வெங்காயம் ஏறியிருக்கு, பஸ் ஏறியிருக்கு, இவர் வீடு மட்டும் ஏறலையாமா?" என்று என் காதில் சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடிப்பது என் வேலை. அம்மாவின் கைப்பையில் ஸ்டிக்கர் தாள் எப்போதும் இருக்கும். அப்பாவுக்குச் சொன்னால் புரியாது, காட்டினால்தான் புரியும் என்று, பார்த்த குறைகளில் எல்லாம் சத்தம் காட்டாமல் ஒட்டிக்கொண்டே போனாள். சமையலறைக் கதவின் கீல். குளியலறையில் விரிசல் விட்ட ஓடு. ஆடுகிற சுவிட்ச் பலகை. மொத்தம் பதினொன்று. எல்லாமே சில்லறைக் குறைகள்.

படுக்கையறையில்தான் அவள் நின்றுவிட்டாள். இரும்பு பீரோ கதவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அறைக்கதவு முழுதாகத் திறக்காமல் அதில் இடித்தது. எதிர்ச் சுவரில் அவ்வளவு இடம் சும்மா கிடந்தது. அம்மா பீரோவின் பின்னால் எட்டிப் பார்த்தாள். இருட்டாக இருந்தது. கொஞ்சம் நகர்த்த முடியுமா என்று கேட்டதற்கு, உள்ளே சாமான் நிறைய இருக்கிறது, கனம் என்றார் கண்ணாடிக்காரர். அவர் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பும்போது பேருந்தில்தான் அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டாள். பதிலுக்குப் பதிலாக நான் வேறொன்றைக் கேட்டேன். "அம்மா, ஸ்டிக்கரை எல்லாம் எடுத்துட்டியா?"

அம்மாவின் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். இருபத்திரண்டு வருடத்தில் அவள் ஒரு அம்புக்குறியைக்கூடத் தன் கையால் உரித்ததில்லை. ஒட்டுவதோடு அவள் வேலை முடிந்துவிடும். எடுப்பது அடுத்த மேசைக்காரர்கள். அவள் மனதில் அந்த வீடும் அப்படியே அடுத்த மேசைக்குப் போய்விட்டது.

அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். போன் செய்து சொல்லிவிடலாம் என்று நான் சொன்னதற்கு அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. கூப்பிட்டால் நமக்கு அந்த வீட்டின் மேல் ஆசை என்று தெரிந்துவிடும், அப்புறம் விலையில் ஒரு பைசா இறங்க மாட்டார் என்றாள்.

அடுத்த மூன்று நாளும் வீட்டில் இதே பேச்சு. கேட்ட விலையைக் கொடுத்துவிடலாம், காலி செய்ய இருக்கிற நாட்களை நினைத்துப் பார் என்றார் அப்பா. அம்மா பத்தில் ஒரு பங்கு குறைத்துக் கேட்போம் என்றாள். அப்படிக் கேட்டு அவர் முறைத்துக்கொண்டால் வீடு போய்விடும். கேட்காமல் வாங்கி, பீரோவுக்குப் பின்னால் ஏதாவது இருந்தால் பதினைந்து வருடத் தவணையும் கண்ணீரோடுதான் கட்ட வேண்டும். இரண்டில் எது என்று தெரியாமல் அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள்.

புதன்கிழமை 'சரிங்க' கூப்பிட்டார். ஞாயிறு சாயங்காலமே இன்னொரு பார்ட்டி வந்து பார்த்ததாகவும், அவர்கள் வேண்டாம் என்று போய்விட்டதாகவும், இப்போது பேசினால் கண்ணாடிக்காரர் இறங்கி வருவார் என்றும் சொன்னார். அம்மா நம்பவில்லை. "புரோக்கர் வீட்டுல பொறக்குற குழந்தை முதல்ல பேசுறதே 'இன்னொரு பார்ட்டி'ன்னுதான் இருக்கும்" என்றாள். ஆனாலும் சனிக்கிழமை நேரில் போய்ப் பத்தில் ஒரு பங்கு குறைத்துக் கேட்பது என்று முடிவாயிற்று. பேசுவது அப்பா. அம்மா பேசினால் சண்டையாகிவிடும் என்பது இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட விஷயம்.

சனிக்கிழமை கதவைத் திறந்த கண்ணாடிக்காரர் வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. உள்ளே திரும்பி, "அம்பு விட்டவங்க வந்துட்டாங்க" என்றார்.

இன்னொரு பார்ட்டி நிஜம்தான். கல்யாணமாகி ஒரு வருடம் ஆன ஜோடி. வீடு பிடித்துப்போய், சமையலறையில் நின்று அலமாரி எங்கே வைப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்களாம். அப்போதுதான் கீலில் இருந்த சிவப்பு அம்புக்குறியைப் பார்த்திருக்கிறார்கள். அப்புறம் ஓட்டில் ஒன்று, சுவிட்ச் பலகையில் ஒன்று. யாரோ அதிகாரி வந்து வீட்டைச் சோதித்துத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்து, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அதுவரை ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதே கண்ணாடிக்காரருக்கும் அவர் மனைவிக்கும் தெரியாது.

கண்ணாடிக்காரர் ஒரு பழைய காலண்டர் தாளை நீட்டினார். அதன் பின்பக்கத்தில் பத்து அம்புக்குறிகள் வரிசையாக ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் பென்சிலில் என்ன செய்தார் என்று எழுதியிருந்தார். கீல் புதுசு. ஓடு மாற்றியாச்சு. பலகைக்கு ஆணி. அம்மா அம்புக்குறிகளை எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"ஒண்ணு குறையுதே."

கண்ணாடிக்காரரின் மனைவி படுக்கையறைக் கதவைத் தள்ளினார். கதவு முழுதாகத் திறந்தது. பீரோ எதிர்ச் சுவருக்குப் போயிருந்தது. அது முன்பு இருந்த இடத்தில், முழங்கால் உயரத்தில், தட்டு அளவுக்கு ஈரம் படிந்து சுண்ணாம்பு உப்பியிருந்தது. அதன் நடுவில் பதினோராவது அம்புக்குறி.

"இங்க நான் ஒட்டலையே" என்றாள் அம்மா.

"உரிச்சதுல ஒண்ணை எடுத்து நான்தான் ஒட்டினேன்" என்றார் அவர் மனைவி. "அன்னைக்கு நீங்க பீரோ பின்னாடி எட்டிப் பாத்துட்டுப் போனீங்க. அதுலேருந்து எனக்கு இந்த ரூம்ல இருப்பே கொள்ளலை. எல்லா இடத்துலயும் ஒட்டினவங்க இதை மட்டும் ஏன் விடணும்?"

கண்ணாடிக்காரர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார். சுவருக்குள் குளியலறைக் குழாய் கசிகிறது, போன வருடத்திலிருந்து. ஈரம் என்று சொன்னால் ஆளாளுக்குப் பாதி விலைக்குக் கேட்பார்கள். அந்தப் பயத்தில் பீரோவை இழுத்து வைத்தார். ஆனால் மனசு கேட்காமல் விலையை ஏற்றவில்லை.

கேட்டவுடன் அம்மா நம்பிவிட்டாள் என்று நினைக்காதீர்கள். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு வந்து சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். ஒரு குறையைத் தானே காட்டுகிறவர் பெரிய குறையை மறைக்கவும் அப்படிச் செய்யலாம் என்று என்னிடம் முணுமுணுத்தாள். அப்பாவை விட்டு ஃபிரிட்ஜை நகர்த்தினாள், கட்டிலை நகர்த்தினாள், மாட்டியிருந்த காலண்டரைத் தூக்கிப் பார்த்தாள். அரை மணி நேரத்துக்குப் பிறகும் ஒன்றும் கிடைக்கவில்லை.

கூடத்தில் வந்து உட்கார்ந்தோம். அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "பத்துல ஒரு..." என்று ஆரம்பித்தார். அம்மா அவர் காலை மிதித்தாள்.

"நீங்க கேட்ட விலையே இருக்கட்டும். குழாயை மட்டும் நீங்க மாத்திக் குடுங்க. சுவத்தை மூடுறதுக்கு முன்னாடி நான் பாக்கணும்."

கண்ணாடிக்காரர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். ஈரத்தைக் காட்டிய பிறகும் விலை குறைக்காமல் கேட்கிறவர்களை அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது. ரெண்டு நாள் டைம் வேண்டும் என்றார்.

மறுநாள் 'சரிங்க' தயங்கித் தயங்கிப் போனில் பேசினார். கண்ணாடிக்காரர் எங்களைப் பற்றி விசாரிக்கச் சொல்லியிருக்கிறாராம். வங்கிக் கடிதம் நிஜம்தானா, வீட்டை வாங்கி வேறு யாருக்காவது கைமாற்றப் போகிறோமா, குறைத்துக் கேட்காததற்கு என்ன காரணம் என்று. அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. அம்மாவுக்குக் கோபமே வரவில்லை. "விவரமான ஆளு" என்றாள். அவள் வாயால் ஒருவரைப் பாராட்டி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை வேலை முடிந்ததும் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கண்ணாடிக் கடைக்கே போனாள். கம்பளித் துணி விரித்த மேசையில் அவர் ஒரு கண்ணாடியை அறுத்துக்கொண்டிருந்தார். அம்மா உட்காரவில்லை.

"ஏன் குறைக்கலைன்னு கேட்டீங்களாமே, சொல்றேன். நான் சேர்ந்த ரெண்டாவது வருஷம் ஒரு நல்ல சட்டையில தப்பா ஸ்டிக்கர் ஒட்டிட்டேன். ஒண்ணு இல்லை, அவசரத்துல ஒரு கட்டு முழுக்க. அதைத் தைச்ச பொண்ணை வேலை தெரியாதவன்னு வேற லைனுக்குத் தள்ளிட்டாங்க. தப்பு என்னோடதுன்னு எனக்கு மறுநாளே தெரியும். சொல்லலை. அவ மூணு மாசத்துல நின்னுட்டா. உங்க வீட்டுக்கு வந்த பார்ட்டி ஓடினது என் ஸ்டிக்கராலதான். அதைக் காட்டி விலையைக் குறைச்சா எனக்கு அந்தப் பொண்ணு ஞாபகம்தான் வரும். மத்தபடி உங்களை நம்பிட்டேன்னு நினைக்காதீங்க. குழாயைப் பாத்துட்டுத்தான் பணம்."

இதை எங்கள் வீட்டில் யாருக்கும் அவள் சொன்னதில்லை. நான் கடைக் கண்ணாடிகளில் எங்கள் இரண்டு பேரையும் நாலைந்து துண்டுகளாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கண்ணாடிக்காரர் அறுத்த துண்டை மெதுவாக ஒடித்து, ஓரத்தைத் துடைத்து, சுவரில் சாய்த்து வைத்தார். "வெள்ளிக்கிழமை சுவத்தை உடைக்கிறேன். வந்து நின்னு பாத்துக்குங்கம்மா."

வெள்ளிக்கிழமை அம்மா அரை நாள் விடுப்பு எடுத்தாள். உடைத்த சுவருக்குள் டார்ச் அடித்து, கசிந்த குழாயோடு அதற்கு மேலே இருந்த ஒரு இணைப்பும் ஈரமாக இருப்பதைக் கண்டுபிடித்து, அதில் ஒரு அம்புக்குறி ஒட்டினாள். குழாய் வேலைக்காரர், "மேடம் எந்த ஆபீஸ்?" என்று கேட்டார். கண்ணாடிக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டே அதையும் மாற்றச் சொன்னார். பழைய இணைப்பைக் கழற்றிக் கீழே போட்டதும் அம்மா குனிந்து எடுத்தாள். நகத்தால் அம்புக்குறியைச் சுரண்டி உரித்து, உருட்டிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

இதை அந்த வீட்டின் கூடத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். படுக்கையறைச் சுவர் காய்ந்துவிட்டது. அம்மா ஆலைக்குக் கிளம்பும் முன் இன்றும் உள்ளங்கையை அதில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் செருப்பு போடுகிறாள். பேருந்தில் அவள் கேட்ட கேள்விக்கு எனக்கு இன்னும் முழுப் பதில் தெரியாது. எங்களுக்குக் கிடைத்தது இரண்டிலும் சேராத வீடு.

வீடு பார்க்க அலைந்துகொண்டிருக்கும் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் இந்தக் கதையை அவர்களிடம் சொல்லுங்கள். பீரோவுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒட்டியதை எடுத்துவிட்டு வரவும் சொல்லுங்கள். சட்டை ஆலையில் தைத்துக்கொண்டிருந்து, ஒரு கட்டு முழுக்க அம்புக்குறி வாங்கி, வேறு லைனுக்குப் போன ஒருவர் எங்காவது இருந்தால் அவருக்கும் இது போய்ச் சேரட்டும். அவர் தைத்த சட்டைகளில் தப்பு இல்லை.