சுண்ணாம்பு பூசிய பாறை

கந்தப்பளைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து வளைவில் தேநீர்க் கடை வைத்திருக்கும் வீரய்யா, மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து, தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டி, தன் கையாலேயே கல் சுமந்து கடை கட்டினார். இதைச் சொல்லிக்காட்டாமல் அவர் யாருக்கும் ஒரு பிளேன்டீ ஊற்றிக் கொடுத்ததில்லை. சொல்லிக்கொள்ளத் தகுதியுள்ள மனிதர்தான்.

கடைக்கு எதிரே நிற்கிறது அந்தப் பாறை. கறுப்பும் வெள்ளையுமாக வரிவரியாய், பிழிந்து போட்ட சேலைபோல மடிந்திருக்கும். பல்கலைக்கழகத்திலிருந்து வந்த இல்மா மிஸ்தான், பூமிக்கு அடியில் வெந்து நெளிந்து, கோடிக்கணக்கான ஆண்டுகள் கழித்து மேலே வந்த கல் அது என்று சொன்னார். குழு ஒன்று வந்து பார்த்து, பாதுகாக்க வேண்டிய கல் என்று ஒப்புக்கொண்டால் அதன் பெருமையைச் சொல்லும் பலகை நடுவார்களாம், பயணிகளின் வாகனங்கள் நிற்குமாம். வீரய்யாவின் மனதில் ஓடியது ஒன்றே ஒன்று. கடையில் வியாபாரம் நடந்தால், கொழும்பில் வீட்டு வேலை செய்யும் மகள் நிஷாந்தி திரும்பி வந்துவிடலாம்.

தோட்டத்தை நிர்வகிக்கும் பெரிய தொரை வருகிறார் என்றால் பாதையோரக் கல்லிலிருந்து மரத்தின் அடிவரை சுண்ணாம்பு அடிப்பது தோட்டத்து வழக்கம். அந்த வேலையில் வீரய்யாவை மிஞ்ச ஆளில்லை. தொரைக்கே அப்படியென்றால், கொழும்பிலிருந்து வரும் குழுவுக்குக் குறை வைக்கலாமா? முந்தின நாள் மாலை ஏணி போட்டு ஏறி, மூங்கில் கழியில் சுண்ணாம்பு அடிக்கும் மட்டையைக் கட்டி, பாறையை உச்சிவரை வெள்ளையடித்துவிட்டார்.

காலையில் குழுவுக்கு முன்பே வந்து இறங்கினார் இல்மா மிஸ். பாராட்டுக்காகக் கை கட்டி நின்றார் வீரய்யா. மிஸ் பாறையை உச்சிவரை அண்ணாந்து பார்த்தார்.

"ஐயா, அவங்க பார்க்க வாறதே அந்த வரியத்தானே."

கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள் மனைவி அழகம்மா. "கல்லுக்குப் பவுடர் பூசிட்டாரு மிஸ். இனி பொட்டு ஒன்னுதான் பாக்கி."

வீரய்யா வாளியை எடுத்துக்கொண்டு, மலையிலிருந்து பீலியில் வழியும் தண்ணீருக்கு நடந்தார். இரவு முழுக்கப் பனிமூட்டம் என்பதால் சுண்ணாம்பு சரியாகக் காயவில்லை. தேங்காய்ப் பொச்சு நாரால் தேய்த்தால் வந்தது. பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்த பெண்களும் சிரித்துக்கொண்டே கை கொடுத்தார்கள். கையெல்லாம் எரிந்தது. ஏணியில் ஏறிக் கை எட்டிய உயரம்வரை கழுவி முடித்தபோது வேன் வந்து நின்றது.

மேலே என்ன வெள்ளை என்று குழுத்தலைவர் சிங்களத்தில் கேட்டார். இல்மா மிஸ் ஏதோ சமாளிக்கப் போனார். வீரய்யா முந்திக்கொண்டார். நான்தான் அடித்தேன், பெரியவர்கள் வந்தால் எங்கள் தோட்டத்தில் அப்படித்தான் மரியாதை என்று சிங்களத்திலேயே சொல்லிவிட்டார்.

தலைவர் சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. ஈரப் பாறையருகே குனிந்தார். சுண்ணாம்போடு பழைய பாசியும் போயிருந்தது. இல்மா மிஸ்ஸே அதுவரை பார்க்காத ஒரு மடிப்பு அங்கே பளிச்சென்று தெரிந்தது. தலைவர் அதில் விரலை ஓட்டிவிட்டு, இனி இந்தக் கல்லில் யாரும் எதையும் பூசவும் கூடாது, தேய்க்கவும் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். பலகை எந்த இடத்தில் நடலாம் என்று அதற்குப் பிறகுதான் கேட்டார்.

தைப்பொங்கலுக்கு வந்த நிஷாந்தி திரும்பிப் போகவில்லை. அவள் சுடும் ரொட்டிக்கு இப்போது வேன்கள் நிற்கின்றன. பாறையின் உச்சியில் கழுவ எட்டாத வெள்ளை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. யாராவது அதைக் கேட்டால் வீரய்யா நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார்.

"அம்புட்டு ஒசரத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க இந்தத் தோட்டத்துல வேற எவன் இருக்கான்?"